தெரிந்த பிழை

உர மூட்டைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில்
எங்கள் தொப்பூர் கணவாய்.
நஸ்ரீன் வரைந்தது. பாறைக்குப் பாறை வேறு நிறம்.
இரட்டைப் பாலத்துக் கைப்பிடியில்
எப்போதோ உரசிய லாரியின் பச்சைப் பெயின்ட்டைக்கூட
விட்டுவைக்கவில்லை அவள்.

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி
அழுகுமுன் சேலம் சேர வேண்டும்,
தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும்.
அவ்வளவுதான் ஆட்டம்.
நான் ஓட்டிப் பார்ப்பவள்.
நாளைக்கு அறுபது முறை அதே இறக்கத்தில் இறங்கி
எங்கே உடைகிறது என்று எழுதிவைக்கச் சம்பளம்.

முதலில் ஆட்டத்தில் தூக்கம் இருந்தது.
மாதேஷ் எழுதியது.
பதினொரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினால்
திரையின் ஓரங்கள் மெல்லக் கறுக்கும்,
எதிர்வண்டியின் இரண்டு விளக்கு நான்காகும்,
டிரைவர் கொட்டாவி விடுவார்
(மாதேஷே மைக்கின் முன் உட்கார்ந்து விட்ட கொட்டாவி).
ஓரங்கட்டி, டீ குடித்து, படுத்து எழுந்தால்தான்
சாலை தெளியும்.
அதை ஓட்டிய அன்று என் கை வியர்த்தது.
நல்ல விளையாட்டுக்கு
வியர்க்க வேண்டிய அளவு.

ஆடியில் பெங்களூரிலிருந்து கோகுல்நாத் வந்தார்.
பொங்கல் என்றிருந்த தேதி தீபாவளி ஆனது.
யாரைக் கேட்டு என்று யாரும் கேட்கவில்லை,
பிரியாணி வந்திருந்தது.
வெள்ளைப் பலகையில் 'தூக்கம்' என்ற சொல்லின் மேல்
சிவப்புக் கோடு இழுத்தார்.
"தூங்கறதுக்கா ஒருத்தன் காசு குடுத்து வாங்குவான்?"
எல்லோரும் சிரித்தோம்.
நானும்.

அதன்பிறகு ஞாயிறு என்று ஒன்று
சுவர்க் காலண்டரில் மட்டும் சிவந்திருந்தது.
நல்லம்பள்ளிக்குக் கடைசி பஸ் போனபின்
அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுப்பேன்.
கீழிருந்து யூரியா வாசம் ஏறும்.
பகலில் இரண்டு பேர் பெயரை மாற்றிக் கூப்பிட்டேன்,
மூன்றாவது ஆள் திரும்பினார்.
நஸ்ரீன் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வந்தாள்,
பிறகு வரவில்லை.
மீதிக் கணவாயை அவசரமாக ஒட்டினார்கள்:
ஒரே பாறை, பதினேழு முறை.

தூக்கத்தை வெட்டி எடுத்தவனும் மாதேஷ்தான்.
ஒரு வாரம் கழித்து அந்த வரிகளைக் காட்டினேன்.
"எந்த முட்டாள் எழுதினது?" என்றான்.
அடியில் அவன் பெயர்,
அதிகாலை மூன்று நாற்பது.
தூக்கத்தைப் பிடுங்கியபோது
வேரோடு வேறொன்றும் வந்திருந்தது.

எண் 2214:
'பதினொரு மணி நேர ஓட்டத்துக்குப் பின்
இரட்டைப் பாலத்தில் பிரேக் பிடிக்கவில்லை.'
நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது:
'தெரிந்த பிழை. பிறகு பார்க்கலாம்.'
மூடிவிட்டார்கள்.
மறுநாள் திறந்தேன். மூடினார்கள்.
மூன்றாவது முறை திறக்க
எனக்குத் தெம்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு வெளிவந்தது.
எங்கெங்கோ பிள்ளைகள் தக்காளியோடு பாலம் தாண்டி
நஸ்ரீன் வரையாத வெறும் சாம்பலுக்குள்
விழுந்துகொண்டே இருந்தார்கள். அடியே இல்லை அதற்கு.
ஒரு பையன் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தான்:
'செஞ்சவங்க இத ஒரு தடவயாச்சும் ஓட்டிப் பாத்தாங்களா?'

கோகுல்நாத்தின் மெயில் இரவு பதினொன்றுக்கு:
'டெஸ்டிங்கில் ஏன் பிடிக்கவில்லை?'

ஒரு மணிக்கு மாதேஷின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன்.
பைபாஸில் கிரானைட் ஏற்றிய டிரெய்லர்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கும்,
யாரோ சொன்ன தேதி.
அதியமான்கோட்டை தாண்டியதும்
முன்னால் அவன் கொட்டாவி விட்டான்.
ஹெல்மெட்டுக்குள்ளும் அடையாளம் தெரிந்தது.
வெட்டுவதற்கு முன்னால்
எத்தனை நூறு முறை கேட்டிருப்பேன் அதை.

"ஓரங்கட்டு."
கட்டினான்.
கடைக்காரர் பாலை மறுபடி அடுப்பில் வைத்தார்.
ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டே கேட்டான்,
"மெயிலுக்கு என்னா பதில் போட்ட?"
"நம்பர மட்டும் போட்டேன்" என்றேன்.
"ரெண்டாயிரத்து எரநூத்திப் பதினாலு."