நாலு லட்சத்துப் பதினேழாயிரம் கிலோமீட்டர்

கோடை முழுக்க மண் குடித்து மறைத்ததை
உலான்பாதரின் முதல் பனி
ஒரே ராத்திரியில் போட்டுக்கொடுத்துவிட்டது.

சிவப்பென்றால் கியர்பாக்ஸ்.
பச்சை, ரேடியேட்டர்.
நரங்கெரெல் கையுறையைக் கழற்றித்
தொட்டு மோந்து பார்க்கிறாள்.
கறுப்பு. கருகின வாடை.
ஆயில்தான்.

எஞ்சின் ஓட,
ஸ்க்ரூடிரைவர் முனை வால்வு மூடியில்,
பிடி காது மடலில்.
டிக் டிக் டிக்.
சூடேறினால் அடங்குகிற டிக்கா,
ஆக்ஸிலேட்டரோடு ஏறுகிற டிக்கா?

பின்சீட்டில் சவாரி,
விமானத்துக்கு நேரமாகிறது:
"என்ன சத்தம் அது?"

"குளிர்" என்கிறாள்.

அடங்கவில்லை.
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவைத்துக்
கியரைப் போடுகிறாள்.

கண்ணாடியில், நின்ற இடத்தில்
ஒரு கறுப்பு வட்டம்.
நேற்றையதைவிடப் பெரிதா?
சொல்ல முடியவில்லை,
அதற்குள் பனி
மறுபடி கொட்டத் தொடங்கிவிட்டது.