நாற்பத்தெட்டாவது வரி

அகெடாவில் மழை விடாத பிப்ரவரி.
ஆறு, பாலத்தின் வயிற்றைத்
தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது.
இரண்டாம் மாடியில் லியோனில்தே
திரையில் ஒரே ஒரு சைக்கிள் வைத்திருக்கிறாள்;
அதற்குள் நாற்பத்தேழு சைக்கிள்கள்.

குட்டை, நெட்டை, நடுவாந்தரம்.
முன்னால் பெட்டி வைத்தது,
பின்னால் பிள்ளை உட்காருவது,
டென்மார்க்காரருக்கு மிதியைப் பின்னால் அழுத்தினால் நிற்பது,
மலைக்காரருக்குப் பதினொரு பல்சக்கரம்.
நாற்பத்தேழும் ஓர் அட்டவணையின் வரிகள்.
ஒரு வரியைச் சொடுக்கினால்
சைக்கிள் வேறு ஆளாகிவிடும்:
கைப்பிடி விரியும், இருக்கை இறங்கும்,
பெட்டி இருந்த இடத்தில் காற்று இருக்கும்.

எதையும் அவள் அழிப்பதில்லை.
வேண்டாத பாகத்தை அடக்கி வைப்பாள்.
பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் பட்டியலில் நிற்கும்,
வகுப்பில் பெயர் கூப்பிட்டும்
கை தூக்காத பையன்போல.

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம்.
எவரிஸ்து, தபால்காரர், மலையடிவாரத்து ஊர்.
இடது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது.
எப்படி என்று எழுதவில்லை.
எழுதியது இவ்வளவுதான்:
"இரண்டு பிரேக்கும் வலப்பக்கம் வேண்டும்.
மணியும்.
மணி முக்கியம். நாய்கள் அதிகம்."

புதிதாக ஒரு வரி திறந்தாள்.
பெயர்க் கட்டத்தில் அளவு எழுதுவது வழக்கம்;
எவரிஸ்து என்று எழுதினாள்.
இடது லீவரை அடக்கினாள்,
வலது லீவரை இரட்டையாக்கினாள்,
கழுத்துக் குழாயின் வலக் கன்னத்தில்
கேபிள் நுழைய ஆறு மில்லிமீட்டர் துளை.
மென்பொருள் கேட்டது, எப்போதும் கேட்பதுபோல:
இதற்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி.
பல் டாக்டர். வியாழனா, வெள்ளியா?
வெள்ளி என்றாள்.
விரல் எதையோ அழுத்தியிருந்தது.

வரைபடங்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன.
சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள்;
அதுதான் அவற்றிடம் உள்ள குறை.

திங்கள் காலை, கீழ்த்தளத்திலிருந்து அமான்சியு.
பாதி குரல், பாதி இருமல்:
"லியோனில்தே, ஒரு சந்தேகம்.
போர்ச்சுகல் முழுக்க
இடது கையை இழந்துவிட்டதா?"

இறங்கிப் போனாள்.
கொக்கிகளில் இருநூற்று நாற்பது பிரேம்கள்,
வண்ணம் பூசாதவை,
ஒவ்வொன்றின் வலக் கன்னத்திலும் ஒரு துளை.
இடது லீவர்கள் பெட்டி பிரிக்காமல் அலமாரியில்.
யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
அமான்சியு ஒரு துளையின் விளிம்பைச்
சுண்டுவிரலால் தடவிப் பார்த்து
"வேலை சுத்தம்" என்றார்.

மேலே வந்து வரி வரியாகத் திறந்தாள்.
நாற்பத்தேழு இடது லீவர்களை எழுப்பினாள்;
சாம்பல் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.
கொக்கியில் தொங்கும் அலுமினியத்துக்கு
அந்த வசதி இல்லை.

முதலாளி கணக்குப் போட்டார்.
பிரேமை எறிந்தால் எவ்வளவு, அடைத்தால் எவ்வளவு.
ரப்பர் மூடி, ஒன்று நான்கு சென்ட்.
துளையிடும் சட்டத்தை மாற்றுவது அதைவிடச் செலவு,
எனவே அடுத்த ஆண்டுச் சைக்கிளிலும் துளை உண்டு.
அட்டவணையில் புதிதாக ஒரு பாகம் ஏறியது: மூடி.
நாற்பத்தேழு வரிகளில் அது இருக்கிறது.
ஒன்றில் மட்டும் அடக்கியிருக்கிறாள்.

இப்போது ரோட்டர்டாமில் ஒருத்தி
சேறு துடைக்கையில் அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்து
இது எதற்கு என்று கையேட்டைப் புரட்டுவாள்.
பத்தொன்பதாம் பக்கம்: "நீர் வடிவதற்கு."
நீர் வடியாது.
எழுதியது லியோனில்தே.

மே மாதம் ஓர் அஞ்சலட்டை வந்தது,
எழுத்து வலப்பக்கம் சாய்ந்து:
சைக்கிள் நன்றாக ஓடுகிறது.
இறக்கத்திலும் நிற்கிறது.
மணிதான் போதவில்லை,
நாய்களுக்குப் பழகிவிட்டது.