கொண்டு வந்த பொருட்கள்

பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்குக் கடைசி பஸ்.
ஷூ கம்பெனி அட்டை கழுத்திலேயே கிடந்தது.
அமுலு, தையல் பிரிவு என்று
அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டேன்.
உதடு பேச விடவில்லை.

படிவத்தில் பதினோராவது கட்டம்:
உடன் கொண்டு வந்த பொருட்கள்.
பையைக் கவிழ்த்தாள்.
பிள்ளையின் தடுப்பூசி அட்டை. ஒரு நைட்டி.
அப்புறம்
கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர், டியூபோடு.

"ஆதார்?"
"மாமியா பீரோவுல."
"நகை?"
கையை விரித்தாள்.
"இது மட்டும் ஏன்மா?"
தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"கொழம்பு சூடில்லன்னுதானே..."

எழுதினேன்: ரெகுலேட்டர், ஒன்று.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். மூன்று தையல்.
காட்பாடிப் பக்கம் ஏதோ ரயில் கூவ
பிள்ளை புரண்டு படுத்தது.
விடியும் முன் அவள் போன் அதிர்ந்தது,
ஸ்பீக்கரில் போட்டாள்.
எங்கே இருக்கிறாய் என்றில்லை,
பிள்ளை சாப்பிட்டதா என்றில்லை.
"ரெகுலேட்டர் எங்கடி?"

முதலில் சிரித்தது அவளா நானா, தெரியாது.
தையல் இழுக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
அழுதாள்.
டீ கேட்டாள், நல்ல சூடா.
ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே,
"அந்த மனு
எத்தனை மணிக்கு எழுதுவீங்க?"