மேல் தாழ்ப்பாள்

அறை எண்ணூற்றுப் பதினேழு.
குழந்தை உண்டு என்று சீட்டில் இருந்தது.
பால்கனி நாற்காலிகள் இரண்டையும்
உள்ளே இழுத்துப் போட்டேன்.
கதவின் மேல் தாழ்ப்பாளை
ஒருமுறை, மறுபடி ஒருமுறை.
அந்தத் தகப்பன் சிரித்தார்.

எனக்குப் பகல் மூன்று.
தண்டையார்பேட்டையில் விளக்கு வைக்கும் நேரம்,
ஹவுசிங் போர்டு, நாலாவது மாடி.
லாரித் தண்ணீர் வந்ததாம்,
இன்றைக்குச் சண்டை இல்லையாம்.
சொல்லிக்கொண்டிருந்த செலினின் தோளுக்குப் பின்னால்
கம்பியை ஒட்டி நீல டிரம்.
மூடிமேல் ஜோவின்,
மூன்று வயது முடியவில்லை,
துறைமுக விளக்குகளில்
என் கப்பலைத் தேடிக்கொண்டு.

கத்தவில்லை.
கத்தினால் திரும்புவான்.
"செலினு, பேசிக்கினே
அப்படியே பின்னால போ.
போனைக் கீழ போட்டுடு,
ரெண்டு கையும் வேணும்."

திரையில் மின்விசிறியின் ஒரு இறக்கை.
வெகுநேரம் அதுதான்.

பிறகு அழுகை.
அப்பாடா,
அழுகிறான்.