பத்துக்குப் பன்னிரண்டு

இருபத்தோரு வருஷமாய்
மூடித்தான் பிழைக்கிறேன் பகாவில்.
கார் நிற்கும் இடத்துக்கு ஆவ்னிங்,
பின்கட்டுக்குத் தகடு,
மிச்சமிருக்கும் ஒரு முழம் மண்ணுக்கு டைல்ஸ்.
இந்தத் தாமானில் மழை தொட்டுக்கொண்டிருந்த
கடைசித் துண்டுத் தரையை மூடியவன்
அநேகமாய் நான்தான்.

ஜெகதீஸ்வரி மிஸ்ஸிக்கு டயாலிசிஸ் சென்டரில் கடைசி ஷிப்ட்.
இயந்திரங்கள் ரத்தம் சுற்றும் நான்கு மணிநேரத்தில்
கைப்பேசியில் மெக்சிகோ வீடுகளாய்ப் பார்ப்பாராம்.
திறந்து காட்டினார்.
பூசாத சுவர். கறுப்புக் கல் தரை.
ஒரே ஒரு நாற்காலி,
அதிலும் யாரும் உட்கார்ந்ததாய்த் தெரியவில்லை.
வீட்டின் நடுவில் கூரையே கிடையாது.
"ஒழுகுமே" என்றேன்.
"ஒழுகணும்" என்றார்.

கொட்டேஷன் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.
கூரைக்கு அடிக்கணக்கு உண்டு.
கூரை இல்லாமைக்கு
சதுர அடி என்ன விலை?

எரிமலைக் கல் கேட்டார்.
குவாரியில் கிடைத்தது கருங்கல் சில்லு.
ஓட்டை ஓட்டையாய் ஒரு கல் கேட்டார்,
அவர்கள் பாஷையில் அதற்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது.
நமக்கு அது தமிழ்ப்பள்ளிக் கழிவறைச் சுவர்.
அடுக்கி முடித்த மறுநாள் காலை
வெயில் நூற்றுப்பத்துத் துண்டாய் உள்ளே விழுந்தது.
நான் எண்ணவில்லை.
லொம்போக்கிலிருந்து வந்த ரூஸ்லான் எண்ணினான்,
சம்பளத்தை எண்ணுவதுபோல, இரண்டு தடவை.

சுவருக்கு ரோஸ்.
சோப்பு ரோஸ் இல்லை, பஞ்சுமிட்டாய் ரோஸும் இல்லை.
பெயிண்ட் கடையில் மூன்று தடவை கலக்கி
மூன்றும் தப்பு.
நாலாவது தடவை மிஸ்ஸி கைப்பையைத் திறந்து
வெட்டிய டிராகன் பழம் ஒன்றைக்
கல்லாவின் மேல் வைத்தார்.
"இது அந்த ஊர்க் கள்ளிதான்" என்றார்.
ஆ செங் சிரித்துக்கொண்டே
எறும்பு வருவதற்குள் கலக்கிவிட்டான்.

பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் வேலியோரம் வந்து
"கோயிலுக்கு அடிச்ச மிச்சமா?" என்றார்.
கெம்போஜாக் கன்று லோரியில் இறங்கியபோது
குரல் மாறிவிட்டது.
"இடுகாட்டு மரத்தையா, நடுவீட்டில?"
"அது மெக்சிகோ மரம்க்கா.
பிழைக்க வந்த இடத்துல
கிடைச்ச வேலையைப் பார்க்குது."

அக்டோபர். மூன்றரை மணி.
செம்பனை ஆலைப் பக்கமிருந்து
புகை வாசத்தோடு வந்தது மழை.
ஊரெல்லாம் தகரம் அதிர,
நாங்கள் மூன்று பேரும் ஹாலில் நின்றோம்.
எனக்குக் கவலையெல்லாம் குழாய்தான்,
நாலு அங்குலம் போதுமா?
இழுத்தது.
பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் மட்டும் பெய்தது மழை,
அளந்து கொடுத்ததுபோல.
சோபா நனையவில்லை. காலண்டர் நனையவில்லை.
தலையை நிமிர்த்தியபோதுதான் பார்த்தேன்.
நனைந்த சுவரிலிருந்து அந்த நிறம் புறப்பட்டு
மிஸ்ஸியின் வெள்ளை யூனிபார்மில்,
ரூஸ்லானின் சிமெண்ட் தலையில்,
என் கையில்,
காசு கொடுக்காத இடத்திலெல்லாம் ஏறியிருந்தது.

அடுத்த வாரம் டெங்கி ஆபிசர் வந்தார்.
டார்ச் அடித்துச் சில்லுக்கல்லைக் கிளறினார்.
சொட்டுத் தண்ணீர் இல்லை.
"கூரை எங்கே?" என்றார்.
அதற்கு அவருடைய அபராதப் புத்தகத்தில்
பக்கம் இல்லை.
கொஞ்ச நேரம் அங்கேயே
அண்ணாந்து நின்றுவிட்டுப் போனார்.

ராத்திரி படுக்கையில் பேச்செடுத்தேன்,
"நம்ம ஹாலில் சின்னதா, நாலுக்கு நாலு..."
"வாயை மூடிக்கிட்டுப் படுங்க" என்றாள் கோமளா.

காலையில் லோரோங் ஏழில்
ஒரு ஆவ்னிங் வேலை.
அடி நாற்பத்தைந்து வெள்ளி.
முன்பணம் வாங்கியாகிவிட்டது.