நாற்பத்தெட்டு அங்குலம்

நினைவுப் பலகைக்கு அறுபது சொல் கேட்டார்கள்.
வெண்கலத்தில் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
எழுதிக் கொடுத்துவிட்டேன்,
கட்டிய ஆண்டு, கல் வந்த குவாரி,
திறந்துவைத்த மேயரின் நடுப்பெயர் உட்பட.
பலகையில் ஏறாதது இது.

பெல்டன் துறை நகர மண்டபம்,
சுப்பீரியர் ஏரிக்குக் கூப்பிடு தூரம்.
தரைத்தளத்தில் வரிப் பிரிவு.
சுவருக்குச் சுவர் ஓக் மரத்தில் ஒரே கவுண்டர்,
உயரம் நாற்பத்தெட்டு அங்குலம்.
என் உயரம் ஐம்பத்தெட்டு.
உள்பக்கம் எங்களுக்கு ஆறங்குல மேடை.
அரசாங்கம் குனிந்து பார்க்கும்,
சனம் அண்ணாந்து பார்க்கும்;
வரைபடம் போட்ட குரோம்பி என்பவருக்கு
இதில் சந்தேகம் இருந்ததாகக் கோப்பில் இல்லை.

எங்கள் பக்கம் இப்படியான இடத்துக்குக்
கச்சேரி என்று பெயர்.
இங்கே பாடுவது ரேடியேட்டர் மட்டும்.
நவம்பரில் தொண்டையைச் செருமத் தொடங்கினால்
ஏப்ரல் முடியும்வரை மங்களம் கிடையாது.

நாய்க்கு வரி கட்ட வந்த பின்லாந்து மரவெட்டிகள்
தொப்பியைக் கழற்றி இதன்மேல் வைத்தார்கள்.
பனி உருகிய வட்டங்கள்
வார்னிஷுக்கு அடியில் இன்னும் கிடக்கின்றன.

வேலையில்லாத அந்த முப்பதுகளில்
பரஸ்கா ஹ்னாத்யுக் நிவாரணச் சீட்டுக்கு வந்தாள்.
வரிசையில் தன் தலை தெரியாததால்
கைப்பிள்ளையைத் தூக்கிக் கவுண்டரில் இருத்தினாள்.
எழுத்தர் பதிந்திருக்கிறார்:
விண்ணப்பதாரர், வயது எட்டு மாதம்.
அடிக்கவுமில்லை, திருத்தவுமில்லை.
மாவு ஒரு மூட்டை, நிலக்கரி அரை டன்
அந்தப் பெயருக்கே போயிருக்கிறது.

எண்பத்து நான்கில் வாசலுக்குச் சாய்தளம் போட்டார்கள்.
பத்திரிகையில் படமும் வந்தது.
அதில் ஏறி வந்த ஜாய்ஸ் டாலண்ட்
சக்கர நாற்காலியில் இருந்தபடி
மரத்தைத்தான் பார்த்தார், மனிதரை அல்ல.
பதினொரு கடிதம் எழுதினார்.
பதினொன்றுக்கும் ஒரே பதில், தேதிதான் வேறு.
பன்னிரண்டாவதை எழுதவில்லை.
வருட வரியைச் சில்லறையாக மாற்றி வந்து
ஒவ்வொரு நாணயமாக மேலே எறிந்தார்.
பொறுக்கி எண்ண மூன்று மணி நேரம்.
மறுவாரம் ரம்பம் வந்தது.

மூன்றடி அகலத்துக்கு வெட்டி இறக்கினார்கள்.
வெட்டிய துண்டு தேநீர் அறையில் தட்டானது.
அதில்தான் என் சோற்றுப்பெட்டி இருக்கும்.
அந்தப் பள்ளத்தில்தான் பதினெட்டு வருடம் என் கதிரை.
உயரம் பார்த்து ஒதுக்கித் தந்தார்கள்.
பிறகு பார்த்தால்,
ஆறடி ஆட்களும் வரிசை மாறி என்னிடம் வருகிறார்கள்.
முழங்கையை ஊன்றிக்கொண்டு
வரியைத் தவிர எல்லாவற்றையும் பேசுவார்கள்.
ஏனப்பா மற்றப் பக்கம் போகக்கூடாதா என்றால்
அங்கே வெளிச்சம் சரியில்லையாம்.

தொற்றுக்காலத்தில் கண்ணாடி வந்தது.
தொற்று போனது, கண்ணாடி போகவில்லை.

இப்போது அலுவலகமே போகிறது,
மூடிப்போன தளபாடக் கடைக்குள்.
அங்கே கவுண்டர் இல்லை, தொடுதிரை.
அதன் உயரம் என்னவென்று கேட்டேன்.
கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

போன வியாழன் கழற்றும்போது
பராமரிப்பாளர் எய்னோ லெஹ்டோனன்
பலகையைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.
அடிப்பக்கத்தில், தச்சனின் தட்டைப் பென்சிலில்:
உயரம் கூட. சொன்னேன். கேட்கவில்லை.
கையெழுத்து இல்லை.
அந்த வருடச் சம்பளப் பட்டியலில்
தச்சர்கள் ஏழு பேர்.
ஏழு பெயரையும் சத்தமாக வாசித்தேன்.
எய்னோ ஸ்குரூக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஏலத்தில் ஒரு பீர்க்கடைக்காரன் எடுத்தான்.
உயரம் அதிகமில்லையா என்றேன்.
அதற்கென்ன அம்மா, உயரமான ஸ்டூல் போட்டால் போயிற்று என்றான்.

நூற்றுப் பதின்மூன்று வருடம்.

பலகைக்காரர் மின்னஞ்சல் போட்டிருக்கிறார்:
மேயரின் நடுப்பெயரை எடுத்துவிட்டார்களாம்,
ஒரு சொல்லுக்கு இடம் இருக்கிறதாம்,
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.