மைனஸ் எண்பது

முதலில் குப்பைக்கூடைகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.
அவரவர் குப்பையை அவரவரே
மாடிப்படி இறங்கிக் கொட்ட வேண்டுமாம்.
வருடத்துக்கு நாற்பதாயிரம் டாலர் மிச்சம் என்றது சுற்றறிக்கை.
வண்ணத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

அப்புறம் மேசைத் தொலைபேசி.
அப்புறம் வெந்நீர்.
ஜெர்மன் துறையில் மூன்று பேர் இருந்தார்கள்,
இரண்டு பேரானார்கள்,
இப்போது அந்தக் கதவில்
"கணிதத் துறையில் விசாரிக்கவும்" என்று ஒரு சீட்டு.
கணிதத் துறையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

நான் கால்நடை நோய்க்கூடத்தில்
உறைபெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள்.
பத்தொன்பது வருஷம். ஒன்பது பெட்டி.
வெளியே மைனஸ் முப்பது அடிக்கிற ஜனவரியிலும்
உள்ளே இன்னும் கொஞ்சம் குளிரை
விலைகொடுத்து வாங்குகிற ஊர் இது.

நவம்பரில் டீன் ஓட்டெகார்ட் வந்தார்.
கோட்டைக் கழற்றவில்லை. இங்கே இப்போது யாரும் கழற்றுவதில்லை.
ஒரு பெட்டி ஒரு வீட்டின் மின்சாரத்தைத் தின்கிறதாம்.
"ஒன்பதை நாலாக்க முடியுமா, டோர்த்தே?"
முடியுமா என்றுதான் எப்போதும் கேட்பார்.
முடியாது என்று எழுத
அவர் நீட்டிய தாளில் கட்டம் இல்லை.

எதை வைப்பது, எதை விடுவது.
சட்டமன்றத்தில் ஒரு மதியத்தில் முடித்துவிட்டார்கள்,
ஐம்பத்தெட்டுக்கு முப்பத்தொன்று.
எனக்கு ஆறு வாரம் பிடித்தது.
இரட்டைக் கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும்.
எண்பத்தெட்டு வறட்சியில் லின்ட்க்விஸ்ட் சேர்த்த ரத்தம்,
சுண்டுவிரல் அளவுக் குழாய்கள், நாலாயிரத்துச் சொச்சம்,
கோழி கிளறியதுபோல் அவர் கையெழுத்து.
அவர் போய்ப் பதினோரு வருஷம்.
ஒரே ஒரு குழாயில் எண்ணுக்குப் பதில்
"நல்ல பசு" என்று எழுதியிருந்தார்.
அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.
விதிப்படி அல்ல.

மற்றவை ஒரு வெள்ளிக்கிழமை இளகின.
ஐந்து பெட்டிகளின் இரைச்சல் அடங்கிய பிறகுதான்
இத்தனை வருஷமாக இந்த அறையில்
நாங்கள் கத்திக் கத்திப் பேசியிருக்கிறோம் என்று தெரிந்தது.

(அதே வாரம் ஹாக்கி அரங்கில்
புதிய ஸ்கோர் பலகையைத் திறந்துவைத்தார்கள்.
கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசையா என்றேன்.
அது வேறு கணக்கு என்றார்கள்.
வேறு கணக்குதான். பார்த்துவிட்டேன்.
இரண்டும் ஒரே வங்கியில் இருக்கின்றன.)

மார்ச், கன்று ஈனும் காலம். ஒரு புதன்கிழமை.
கூடம் செவ்வாயும் வியாழனும்தான் திறந்திருக்கும்.
பெட்டிகளில் படிந்த பனியைச் சுரண்ட
சம்பளமில்லாமல் வந்திருந்தேன்.
ஜன்னலில் தட்டினார் கர்ட் ஃபாஸ்வெட்,
எங்கள் தொகுதி உறுப்பினர்,
ஐம்பத்தெட்டில் ஒருவர்.
கையில் நீல நிற ஐஸ் பெட்டி.

பதினோரு கன்றுகள் என்றார். எல்லாமே செத்துப் பிறந்தவை.
போன் பண்ணினேன், அந்த எண்ணே இல்லை என்கிறது என்றார்.
கதவிலிருந்த நேர அட்டையைப் படித்தார்.
இன்னொரு முறை படித்தார்.
"யார் வைத்த நேரம் இது?"

இந்தக் கேள்விக்கு நான் காரில்
தினமும் ஒரு பதில் ஒத்திகை பார்த்திருந்தேன்.
எல்லாம் நல்ல பதில்கள்.
பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே இருந்தவை ஓட்டுப் போடவில்லை.

"உங்கள் பக்கத்தில் எண்பத்தெட்டிலும் இப்படித்தான்" என்றேன்.
"ஒப்பிட்டுப் பார்க்க அப்போதைய ரத்தம் இருந்தது."
"இருந்ததா?"
"ஜனவரி வரை."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை அவர்.
வழியில் வாங்கிய காப்பியைக் குடித்து முடித்தார்.
காகிதக் கோப்பையைப் போட
மேசைக்கு அடியில் பார்த்தார்,
கதவுக்குப் பின்னால் பார்த்தார்.
பிறகு அதைப் பிடித்தபடியே
பிக்கப்பை நோக்கி நடந்தார்,
கோப்பையில் இன்னும் ஏதோ இருப்பதுபோல்
நிமிர்த்திப் பிடித்து.